முந்நூற்று முப்பது என்று எழுதியவள்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அந்த அலர்ஜி கிளினிக் இரண்டாவது மாடியில் இருந்ததா மூன்றாவதிலா, அன்று செவ்வாயா புதனா, எதையும் அடித்துச் சொல்ல முடியாது. யார் என்ன பேசினார்கள் என்பதிலும் கொஞ்சம் என் கைச்சரக்கு கலந்திருக்கலாம். ஓர் எண் மட்டும் அப்படியே நிற்கிறது. முந்நூற்று முப்பது.

அவளை எல்லோரும் பூனை டாக்டர் என்றுதான் சொல்வார்கள். கால்நடை மருத்துவர். நாய், கிளி, முயல் எல்லாம் பார்ப்பாள் என்றாலும் பூனைக்குக் கைராசிக்காரி. அந்தக் கைராசிக்காரிக்குப் பூனையே ஆகாது என்பதுதான் வேடிக்கை. கால் மணி நேரம் ஒரு பூனையைக் கையில் வைத்திருந்தால் போதும்; கண் சிவக்கும், தொண்டை அரிக்கும், மார்பு விசிலடிக்கத் தொடங்கும்.

"பூனை டாக்டருக்குப் பூனை ஆகல. வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்பார் வீட்டுக்காரர்.

"உங்களையே இருபது வருஷமாத் தாங்கறேன். பூனை என்ன பெரிசு?" என்பாள் இவள், இருமலுக்கு நடுவே.

முதலில் அவள் போட்டுக்கொண்டது அலர்ஜி ஊசி. பூனையின் பொடுகிலிருந்து எடுத்த சாரத்தை வாரா வாரம் துளித் துளியாகக் கூட்டி உடம்புக்குப் பழக்குவார்கள். போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். அந்த விஷயத்தில் அங்கிருந்த சிஸ்டர் தயவு தாட்சண்யம் பார்க்காதவர். யாருக்கு என்ன தலைபோகிற அவசரம் என்றாலும் முப்பது நிமிஷம்தான். அதனால் அவருக்கு 'அரைமணி' என்றே பெயர்.

ஏழாவது ஊசியன்று பதினெட்டாவது நிமிஷத்தில் பூனை டாக்டருக்குப் போன் வந்தது. வண்டியில் அடிபட்ட பூனையாம். அரைமணி பக்கத்து அறைக்குப் போன நேரம் பார்த்து நழுவிவிட்டாள். கீழே கார்க் கதவில் கை வைக்கும்போதே உள்ளங்கை அரித்தது. பிறகு மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கண் இருளுமுன் அவள் பார்த்தது, ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுமையுமாக ஓடிவந்த அரைமணியை. துணியோடு சேர்த்துத் தொடையில் அவர் குத்திய மருந்துதான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது.

அந்தக் கிளினிக்கின் நுரையீரல் டாக்டர் அன்றோடு ஊசியை நிறுத்திவிட்டார். "ஆஸ்துமா அடங்காத உடம்புல இத ஏத்தறது, கொள்ளிக்கட்டையால தலைய சொறியற மாதிரி. வேற வேலை பாருங்க."

வேறு வேலை என்ற சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். 

ஒன்றரை வருஷம் கழித்து அதே டாக்டர்தான் வழியும் சொன்னார். மாதம் ஒரு முறை போடும் இன்னோர் ஊசி. அலர்ஜியைக் கிளப்பிவிடும் பொருளை ரத்தத்திலேயே பிடித்துக் கட்டிவைக்கும். நாலு மாதம் போட்டு மார்பு அடங்கினால், அதை நிறுத்தாமலேயே பழைய ஊசியையும் அடியிலிருந்து தொடங்கலாம்.

"ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலயும் மூச்சு வேகத்த அளக்கற கருவியில ஊதி நானூறு தாண்டணும். வீட்டுல தினம் காலையில ஊதி நோட்டுல எழுதணும். இன்னொரு தடவ ஏடாகூடம் ஆச்சுன்னா நான் கை கழுவிடுவேன்."

அரைமணி அதைத் தன் பாணியில் விளக்கினார். "புது ஊசி வாசல்ல நிக்கற காவல்காரன். பழசு உள்ள கூப்பிட வேண்டிய விருந்தாளி. காவல்காரன் இல்லாதப்ப விருந்தாளியக் கூப்பிட்டீங்க, போன தடவ என்னாச்சுன்னு தெரியுமில்ல?"

மார்பு அடங்கிப் பழைய ஊசியும் தொடங்கி, எல்லாம் நன்றாகவே போயிற்று. நன்றாகப் போனதுதான் வினை. காவல் ஊசிக்கான தேதி வந்தபோது அவளுக்கு வேலை குவிந்து கிடந்தது. நல்லாத்தானே இருக்கோம் என்று தள்ளினாள். மூன்று வாரம் ஓடிவிட்டது. நோட்டில் எண் இறங்கத் தொடங்கியது: நானூற்றுப் பத்து, முந்நூற்று எண்பது, முந்நூற்று ஐம்பது. பழைய ஊசி போட வேண்டிய அன்று காலை முந்நூற்று முப்பது. அதை அப்படியே எழுதினாள். பிறகு கிளினிக் கழிவறைக்குள் போய் இன்ஹேலரை இரண்டு முறை உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் பொறுத்து வெளியே வந்து ஊதினாள். நானூற்று முப்பது.

அரைமணி கருவியைப் பார்த்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அவள் விரல் நுனியைப் பார்த்தார். இன்ஹேலர் உறிஞ்சினால் நடுங்குவதுபோல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"காலையில முந்நூத்தி முப்பது. இப்ப நானூத்தி முப்பது. வழியில என்ன புதையல் கெடச்சுது டாக்டர்?"

"படி ஏறி வந்தேன் சிஸ்டர். அதான் கை நடுங்குது."

"லிஃப்ட்லேருந்து எறங்கினத நான் பாத்தேனே."

அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அரைமணி விடவில்லை.

"உங்ககிட்ட நாயக் கூட்டிட்டு வர்றவங்க, அது என்ன தின்னுச்சுன்னு கேட்டா உண்மையச் சொல்றாங்களா?"

"ஒண்ணுமே தின்னலம்பாங்க. வயித்தத் தெறந்தா சாக்ஸ் இருக்கும்."

"என் பொழப்பும் அதேதான். என்ன, நான் தெறந்து பாக்க முடியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயாலேயே சொன்னாள். "ரெண்டு தடவ உறிஞ்சினேன். பாத்ரூம்ல."

அரைமணி மருந்துக் குப்பியைக் குளிர்பெட்டிக்குள் திருப்பி வைத்தார். நோட்டில் எழுதினார்: 'இன்ஹேலருக்குப் பின் 430. ஊசி போடவில்லை.'

"டாக்டர்கிட்ட சொல்லணுமா?"

"சொல்லாம?"

"நிறுத்திடுவாரு சிஸ்டர். அப்பறம் என் கிளினிக்க மூட வேண்டியதுதான்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் நோட்டோடு டாக்டர் அறைக்குள் போனார். கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளவில்லை.

"போன தடவ செத்துப் பொழச்சவங்க அவங்க!" டாக்டரின் குரல் நடைபாதை வரை வந்தது. "காவல் ஊசியையும் போட்டுக்கல, இதுல பொய் வேற. போதும், நிறுத்திடலாம்."

"பொய்தான் சார், இல்லங்கல." அரைமணியின் குரல் உயரவில்லை. "ஆனா இந்தப் பக்கத்தப் பாருங்க. ஏமாத்தணும்னா வீட்டுலயே நானூறுன்னு எழுதிட்டு வந்திருக்கலாமே. பேனா அவங்க கையில, பாக்கவும் ஆளில்ல. எறங்கின ஒவ்வொரு நாளையும் எறங்கினபடியே எழுதியிருக்காங்க. உடம்ப மறைக்கத் துணிஞ்சாங்க, எழுத்த மாத்தக் கை வரல. இந்த நோட்டு இல்லன்னா எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஊசியப் போட்டிருப்பேன்."



வெளியே நாற்காலியில் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. பொய் எண் எழுதலாம் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. இருபது வருஷமாக நோய்க்குறிப்பு எழுதிய கை. எழுதுவதென்றால் உள்ளதை எழுதுவது. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை, தன்னைக் கையும் களவுமாகப் பிடித்தவர் கண்டெடுத்துக் கொண்டுபோய் உள்ளே வைத்திருக்கிறார். செருப்பில்லாத காலோடு ஓடிவந்ததைத்தான் அவள் இதுவரை பெரிதாக நினைத்திருந்தாள். இது அதைவிடப் பெரிது என்று அப்போது பட்டது. குற்றத்தையும் மறைக்கவில்லை, ஆளையும் கைவிடவில்லை. அப்படி ஒருத்தரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யாரு பொறுப்பு?" என்றார் டாக்டர் கடைசியில்.

"காவல் ஊசிய இன்னைக்கே போட்டுடலாம் சார். இனிமே தேதிக்கு நானே போன் பண்றேன். ரெண்டு வாரம் நானூறு ஆடாம நிக்கட்டும். அப்பறம் பழைய ஊசிய ரெண்டு படி எறக்கி ஆரம்பிக்கலாம்."

வெளியே வந்த அரைமணி பஞ்சை நனைத்துக்கொண்டே கையை நீட்டச் சொன்னார். அவள் நீட்டினாள்.

எண் நானூறில் நிலைக்க நாள் பிடித்ததால், பழைய ஊசி ஆறு வாரம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. முழு அளவை எட்ட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதன் பின் மாதம் ஒன்றாக மூன்று வருஷம். காவல் ஊசியை நடுவில் டாக்டரே நிறுத்தினார். பூனை டாக்டர் இன்றும் பூனை பார்க்கிறாள். இன்ஹேலர் பையில் இருக்கிறது, எப்போதாவது தேவைப்படுகிறது. நுரையீரல் டாக்டர் அந்த இரண்டு ஊசிகளையும் சேர்த்து இப்போது ஒன்பது பேருக்குப் போடுகிறார். வீட்டுக்காரர் ஓய்வு பெற்று மனைவியின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறார். பூனைகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அரைமணி முழங்கால் வலியால் வேலையை விட்டு, மகளோடு வேறு ஊரில் இருக்கிறார்.