சுள்ளியாவில் நிற்கும் பேருந்து

1

இந்தக் கதை ஒரு துணிக்கொடியில் பிறந்தது. மைசூரில் என் வீட்டுக்கு எதிர் மாடியில், சேலைகளுக்கும் பள்ளிச் சீருடைகளுக்கும் நடுவே, கறுப்பு ரப்பர் உடுப்பு ஒன்று கைகால் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. கடலுக்கடியில் நீந்துபவர்கள் மாட்டிக்கொள்ளும் உடுப்பு. ஏரியைத் தவிர வேறு தண்ணீர் இல்லாத ஊரில் இதற்கு என்ன வேலை? எனக்குக் கதை எழுதக் கைகள் பரபரத்தன. பாழாய்ப்போன பழக்கம்.

2

முதல் தொடக்கம்: "மூழ்கிக் கிடந்த சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் கிரண் நுழைந்தபோது, நீலம் மெல்ல மெல்லக்"

(அடித்துவிட்டேன். எனக்கு நீச்சலே தெரியாது. நீலத்தைப் பற்றி நான் என்ன கண்டேன்?)

இரண்டாம் தொடக்கம்: "பவளப்பாறை இடுக்கில் மஞ்சள் மீன்கள்"

(இதுவும் வேண்டாம். மீன் கடையைத் தாண்டி எனக்கு மீன் பழக்கமில்லை.)

மூன்றாவது நிற்கிறது: தாரணி வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து ஃபோன் வந்தது.

3

மறுநாள் காலை தாரணியின் மகளுக்கு மாதேசுவரன் மலையில் மொட்டையும் காதுகுத்தும். தாரணி இருப்பது மைசூரில், புகுந்த வீடு அந்த மலைக்குப் போகும் வழியில் அனூர்ப் பக்கம். அங்கே தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளை காதில் ஊசி ஏறாது. இருக்கும் ஒரே மாமன் கிரண். அவனுக்கோ விடுமுறை கிடைத்தால் கடற்கரைக்கு ஓட வேண்டும், தண்ணீருக்குள் இறங்க வேண்டும். "நீ வரலைன்னா இனிமே உன்கூடப் பேச்சே இல்ல" என்று போன வாரம் தாரணி சொல்லியிருந்தாள். அக்காமார் சொல்வதுதான்.

அன்று காலை அவன் கப்பலுக்கு இரண்டு முறை இறங்கி ஏறியிருக்கிறான். (எந்தக் கடல் என்று கேட்காதீர்கள். கப்பலை நானே மூழ்கடித்ததால் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாது.) அப்படியே மங்களூர் வந்து மைசூர்ப் பேருந்தைப் பிடித்துவிட்டான். வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதி அவனுக்கு மனப்பாடம்: முங்கி எழுந்தவன் ஒரு நாளாவது கழியாமல் விமானம் ஏறக்கூடாது. அதனால்தான் விமானத்தை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பொறுப்பான பிள்ளை என்று தாரணியும் மெச்சினாள்.

இப்போது ஃபோனில், முழங்கை குடைகிறது என்றான். விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிறதாம்.

"ஏனூ இல்லக்கா, ஒண்ணுமில்ல. பை தூக்குனது."

தைலம் தடவிக்கொள் என்று சொல்லி ஃபோனை வைத்தாள். வைத்த பிறகு வெற்றிலை அடுக்க ஓடவில்லை. அவன் எப்போதோ கொடுத்திருந்த எண்ணைத் தேடி, முங்கக் கற்றுக்கொடுக்கும் அனுப்ரியாவை அழைத்தாள்.

4

அனுப்ரியா கேட்டது ஒன்றே ஒன்று: எந்த வழியாக வருகிறான்?

சுள்ளியா, மடிக்கேரி, மைசூர் என்றாள் தாரணி. ஐயோ, அது மலைப்பாதை ஆயிற்றே என்றாள் அனுப்ரியா.

பிறகுதான் விளக்கினாள். ஆழத்தில் சுவாசித்த காற்று உடம்பில் கரைந்து நிற்கும். ஆற அமர வெளியேற வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால், மூடி திறந்த சோடாவைப் போல் உள்ளே குமிழி கட்டும். மூட்டில் கட்டினால் வலி. முதுகுத்தண்டில் கட்டினால் கால் விழுந்துவிடும். விமானமோ மலையோ, குமிழிக்கு எல்லாம் ஒன்றுதான். மடிக்கேரி பெரிய மலை. மைசூரே கடலுக்கு மேல் எத்தனை உயரம், தெரியாதா?

தெரியாது. சத்தியமாகத் தாரணிக்குத் தெரியாது. சாமுண்டி மலையிலிருந்து குனிந்து பார்த்துப் பழகிய ஊர், அது எப்படி மலையாகும்? அனூர்க்காரர்களுக்கோ மலை என்றால் மாதேசுவரன் மலை ஒன்றுதான், மற்றதெல்லாம் கீழே. (நானும் இருபது வருடமாக இங்கே குடியிருக்கிறேன். மலைமேல் சமைக்கிறேன் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.)

உடனே இறக்குங்கள், திரும்பி மங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், அங்கே நான் பேசிவிடுகிறேன் என்றாள் அனுப்ரியா.

தாரணி அழைத்தாள். கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

5

மல்லம்மாவிடம் எனக்கு ஒரு சங்கடம். தாரணியின் மாமியார். முதல் பிரதியில், "மாமன் மடி இல்லாம எப்படிக் கண்ணு காது குத்தறது? வரட்டும், சாமி பாத்துக்கும்" என்று அவளைப் பேச வைத்தேன். மாமியார் என்றதும் பேனா தானாகவே ஓடிய ஓட்டம் அது. எழுதியதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. திருத்திய பிரதியில் மல்லம்மா மருமகளின் முகத்தைப் பார்க்கிறாள். அடுக்கிய வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைக்கிறாள்.

"எறங்கச் சொல்லு கண்ணு. சாமி எங்கயும் ஓடிப்போயிறாது."

அடுத்த முறை மணி அடித்தது. பேருந்து சுள்ளியாவில் டீக்கு நின்றிருந்தது. அதைத் தாண்டினால் ஏற்றம்தான்.

"எறங்குடா. பையை எடுத்துக்கிட்டு எறங்கு." அனுப்ரியா சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"இவ்ளோ தூரம் வந்தாச்சேக்கா. நாளைக்கு பாப்பாவுக்கு?"

"காது எப்ப வேணா குத்தலாம்."

"நீதானே சொன்ன, வரலைன்னா பேச்சே இல்லன்னு."

தாரணி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் நடத்துனர் விசில் ஊதுவது கேட்டது.

6

முடிவு அ: அவன் இறங்கிவிட்டான்.

முடிவு ஆ: வலி குறைந்தது போலிருந்ததால் அவன் ஜன்னலோரம் சாய்ந்து, மடிக்கேரி வந்ததும் எழுந்து நிற்கப் பார்த்தபோது கால்கள்

(முடியாது. எழுத மாட்டேன்.)

நான் அடுத்த வரியை எழுதினால்தான் அந்தப் பேருந்து நகரும். எழுதாதவரை அது சுள்ளியாவிலேயே நிற்கும், டீ ஆறாது, தாரணி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டே நிற்பாள். அவளுக்கு என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

அதுதான் மாடியில் உடுப்பு காய்ந்ததே, அப்படியானால் அவன் வந்து சேர்ந்துவிட்டான்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் அதை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தது அவன் இல்லை, ஒரு பெண். உடுப்பின் கைகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். விட்டுப் போக மனமில்லாமல் நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் போய்க் கேளுங்கள்.