தீனிக்குப் பிந்திய ஒரு மணி நேரம்

இதில் எவ்வளவு சரியாக நினைவில் இருக்கிறது என்று எனக்கே நிச்சயமில்லை. நாய்கள் நான்கு என்றுதான் என் நினைப்பு. ஆனால் அங்கே இருந்த அக்கா தங்கை இருவரில் இளையவள் ஒருமுறை இதைச் சொல்லும்போது ஐந்து என்றாள், நான் திருத்தவில்லை. அப்போது நான் அந்த நாய்களை வளர்த்த பெரிய வீட்டுக்கு இறைச்சி அனுப்பும் கடையில் வேலை பார்த்தேன். கொட்டகை வாசல்வரைக்கும்தான் போயிருக்கிறேன். மீதி எல்லாம் அவள் சொன்னது.

அக்காவுக்குப் பதிலாக வந்த முதல் நாள் காலை அவள் கொட்டகையில் தனியாக நின்று மாட்டு இதயத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாளே ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தும் நடுப்பகுதி உறைந்தே இருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. பக்கத்துத் தட்டில் கோழி முதுகெலும்பு, கழுவாத இரைப்பை, ஒரு துண்டு ஈரல். ஈரல் கூடினால் நாய்களுக்குக் கழிச்சல் கண்டுவிடும். எலும்பு பச்சையாகத்தான் போகவேண்டும். வெந்தால் ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். இதையெல்லாம் அக்கா படுக்கையிலிருந்தே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மூத்தவள் பல வருடங்களாக அந்த நாய்களுக்குத் தீனி வைப்பவள். வேலையோடு கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்திருந்தது. அக்காளும் தங்கையும் அதில்தான் இருந்தார்கள். இப்போது மூத்தவளுக்கு இருமலோடு காய்ச்சல் விடாமல் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கச் சொல்வார்கள். படுத்தால் வேலைக்கு வேறு ஆள் வரும். வருகிற ஆளுக்கு அறையைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: தானாகத் தங்கை போய் நிற்கவேண்டும். இறைச்சி வெட்டும்போது தொப்பியும் முகமூடியும் போடவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். மேடம் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி. மேனேஜர் வாசலோடு சரி. அவர்களை ஏமாற்றிவிடலாம். நாய்களைத்தான் ஏமாற்ற முடியாது.

"என் கோட்டைப் போட்டுக்க. துவைக்காத," என்றாள் மூத்தவள். "வாயத் திறந்திடாத. என்னை மாதிரியே காலைத் தாங்கி நட."

கன்றுக்குட்டி உயர நாய்கள். உயரமான இரும்புச் சட்டங்களில் தொட்டிகளைப் பொருத்தியதும் அவை வந்து வரிசையாக நின்றன. ஒன்று அவளுடைய கோட்டின் விளிம்பை முகர்ந்து, நிமிர்ந்து, வெகுநேரம் அவள் கண்களைப் பார்த்தது. பிறகு குனிந்து சாப்பிட்டது. எலும்பு நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

பெரிய உடம்பு நாய் சாப்பிட்டதும் ஓடினால் வயிறு முறுக்கிச் செத்துவிடும். அதனால் ஒரு மணி நேரம் அவற்றை அசையவிடாமல் கூடவே உட்கார்ந்திருப்பதும் தீனி வைப்பவளின் வேலை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது ஆரம்பித்தது. நாய்கள் வழக்கமான இடத்தில் படுக்காமல் மெதுவாக எழுந்துபோய், சாத்தியிருந்த அறைக்கதவின் முன்னால் படுத்தன. குரைக்கவில்லை, பிராண்டவில்லை. சிவந்த வாய்களைக் கதவடி இடுக்கில் வைத்து மூச்சை இழுத்தன.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

உள்ளே மூத்தவள் தரையில் படுத்தபடி இடுக்கில் விழும் நிழல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருமல் வந்தால் துணியை வாயில் திணித்துக்கொள்வாள். இருமல் அடங்கும்வரை வெளியே அந்த மூச்சும் நின்றிருக்கும்.

"எதுக்குடி காத்துட்டு இருக்குதுங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

இளையவள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்கிட்ட என்ன இருக்கு, எலும்பும் தோலும்தான்," என்று மூத்தவளே சிரித்தாள். "பச்சை எலும்புன்னா அதுங்களுக்கு உசிரு வேற."

வேலை முடிந்ததும் இளையவள் கோட்டைக் கழற்றி அக்காவுக்குப் போர்த்திவிடுவாள். மறுநாளுக்கு வாசனை ஏறவேண்டுமே. வியர்வையில் நனைந்து காலையில் அது கனமாக இருக்கும். அதில் மருந்தின் கசப்பும் புளித்த பழம் போன்ற வேறொரு வாடையும் சேர்ந்துகொண்டே வந்தன. அக்காவின் கன்னம் ஒட்ட ஒட்ட, கோட்டுக்குள் அக்கா பெருகிக்கொண்டு வருவதுபோல் இளையவளுக்குத் தோன்றியது. சில நேரம் அவள் தன்னையறியாமல் இருமினாள். அது அக்காவின் இருமலாகவே இருந்தது.

பிறகு ஒரு காலை நாய்கள் தொட்டியைத் தொடவில்லை. வந்தன, முகர்ந்தன, பின்வாங்கின. நேரே கதவடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. மறுநாளும் தின்னவில்லை.

மாடி ஜன்னல் திறந்தது. சற்று நேரத்தில் நாய் டாக்டரின் வண்டி வந்து நின்றது.

டாக்டர் ஒவ்வொரு நாயாக வயிற்றை அழுத்தினார், ஈறைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இறைச்சியை விரலால் கிள்ளி முகர்ந்தார். எல்லாம் சுத்தம் என்றார். எழுந்து இளையவள் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார்.

"இந்தக் கோட்டுல நோய் வாடை அடிக்குது. அதான் கிட்ட வரமாட்டேங்குது. மாத்திடுங்க."

கதவுக்குப் பின்னால் துணிக்குள் அமுங்கிய ஒரு சத்தம் கேட்டது. டாக்டர் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

மேனேஜர் புதுக் கோட்டு கொண்டுவந்தார். இளையவள் அதை மாட்டிக்கொண்டாள். அக்காவின் வாசனை இல்லாமல் நாய்கள் முன் நிற்பது அதுதான் முதல் தடவை. ஆனால் அவை வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. அவள் கையை நக்கிவிட்டுத் தொட்டியில் வாய் வைத்தன. அவளை அவை எப்போதோ தெரிந்துகொண்டிருந்தன.

டாக்டரின் வண்டி போனபிறகு மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமேம்மா."

அவள் முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"முதல் நாளே தெரியும். அவ இடது காலைத் தாங்குவா. நீ வலது காலைத் தாங்கின."

"மேடத்துக்கு?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். தொட்டி காலியாகுதுல்ல, யார் வெச்சா என்னன்னு கேட்டாங்க." பழைய கோட்டைக் குச்சியால் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். "நீங்க ரெண்டு பேரும் ஏதோ யோசிச்சுத்தான் செய்றீங்கன்னு நானும் கேட்டுக்கல."

இளையவள் அக்காவிடம் ஓடவில்லை. நாய்கள் சாப்பிட்டு முடித்திருந்தன. ஒரு மணி நேரம் ஆகவேண்டும். உட்கார்ந்தாள். அன்று அவை கதவடிக்குப் போகவில்லை. அவள் காலடியிலேயே படுத்து, கண்களை மட்டும் கதவின்மேல் வைத்திருந்தன. மாடி ஜன்னல் திறந்தே இருந்தது.

நேரம் ஆனதும் கதவைத் தள்ளினாள். மூத்தவள் சுவர்ப்பக்கமாக நகர்ந்து சுருண்டிருந்தாள். புதுத்துணியின் வாசனை அறைக்குள் நுழைந்தது. அவள் தலையைத் தூக்கி, மூக்கை விரித்து இழுத்தாள்.

"யாரு?" என்றாள்.

இளையவள் முகமூடியைக் கழற்றினாள். மூத்தவள் மறுபடியும் யாரு என்றுதான் கேட்டாள்.

மேனேஜரே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். பொது ஆஸ்பத்திரியில் இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். மூத்தவள் அங்கேயே இறந்தாள். மேனேஜர் வேறு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். நானும் கடையை விட்டு வந்து வெகுகாலமாகிறது. நாய்கள் நன்றாக இருப்பதாகக் கேள்வி. புதிதாக ஒரு ஜோடி குட்டிகள் வாங்கியதால் இறைச்சி கூடுதலாகத் தேவைப்பட்டது. அக்காளும் தங்கையும் இருந்த அந்த அறையில் பெரிய ஐஸ் பெட்டி ஒன்றை வைத்துவிட்டார்கள். இளையவளைப் போகச் சொல்லவில்லை. வெட்டும் மேசையைக் கழுவி, காய்ந்தபிறகு, அவள் அதன்மேல் படுத்துக்கொள்கிறாள்.