சின்ன வருஷம், பெரிய வருஷம்

கேரளத்திலிருந்து போலீஸ்காரர் கூப்பிட்டபோது பத்மகலா முகம் தெரியாத ஒருவருடைய ஐந்து பைசாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ஸப்பில் வந்த படம். வருஷத்துக்குக் கீழே இருப்பது நட்சத்திரமா, தேய்ந்த வைரக்குறியா என்று ஈரோட்டுக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். நட்சத்திரமென்றால் ஐதராபாத்தில் அடித்தது, வைரமென்றால் பம்பாய். இதைப் பார்த்துக்கொண்டே ஒரு பகலைப் போக்கிவிட அவளால் முடியும். அஞ்சுகிராமத்தில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்த காலத்தில் செல்லாக் காசெல்லாம் கல்லாப்பெட்டியின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். அங்கே பிடித்த பைத்தியம். பைத்தியம் என்ற சொல்லை இப்போது அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

தம்பி சுயம்பு வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மஸ்கட்டில் வேலையை விட்டுவிட்டு வந்தவன், தன் பின்னால் யாரோ வருவதாகச் சொல்ல ஆரம்பித்தான். நாகர்கோவிலில் வைத்தியம் பார்த்தார்கள். ஒரு மத்தியானம் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் மடித்து வைத்துவிட்டு வெறும் லுங்கியோடு இறங்கிப் போனான். போலீசில் அங்க அடையாளம் கேட்டபோது பத்மகலாதான் சொன்னாள்: இடுப்பில் கறுப்புக் கயிறு, அதில் ஓட்டைக் காலணா, வருஷம் 1944. பிறந்த இருபத்தெட்டாம் நாள் அம்மா கட்டிவிட்டது. வளர வளரக் கயிறு மாறியது, காசு மாறவில்லை. ஆஸ்பத்திரியில் அதை வெட்டப் போன ஆளின் கையைக் கடித்து வைத்தான். உடம்பில் எதை விட்டாலும் அதை விடமாட்டான்.

அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்தாவது அழைப்பு வரும். கொல்லத்துக்குப் போனார்கள், மதுரைக்குப் போனார்கள். முகத்தைப் பார்த்ததும் அவனில்லை என்று திரும்பினார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை அம்மா அன்னக்கிளி பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடப்பாள்.

இந்த முறை முகம் இல்லை. காயல் தண்ணீரில் பல நாள் ஊறிய உடல். வயசும் உயரமும் ஒத்து வந்தன. இடுப்பில் ஓட்டைக் காசு இருந்தது. போலீஸ்காரர் அதிலிருந்த வருஷத்தை வாசித்துச் சொன்னார். 1944.

கார் எடுப்பதற்குள் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அய்யாவழிக்காரர்கள் எரிப்பதில்லை; வடக்குப் பார்த்து உட்கார வைத்துப் புதைப்பார்கள். சித்தப்பா மகன் வைகுண்டராஜன் தோப்போரமாகக் குழிக்கு இடம் பார்த்து, வடக்கு எது என்று வெட்டுகிறவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அம்மா பால் விடாத கட்டன்காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள். பத்மகலா அதைக் கவனித்தாள். கவனிக்காதது போல் செருப்பை மாட்டினாள்.

அவள் கைப்பையில் லென்சை எடுத்து வைத்ததைப் பார்த்த கணவன் நாராயணபெருமாள், பிணத்துக்குமா லென்சு என்றான். சொன்ன பிறகு அவனுக்கே கூசியிருக்க வேண்டும். எல்லையில் களியக்காவிளை தாண்டும்வரை ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறுகையால் அவள் விரல்களையும் பிடித்திருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் கும்பிட்டாள். அய்யா, அவனாகவே இருக்கட்டும். கேட்டுவிட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. மாற்றிக் கேட்கப் பார்த்தாள். மனசு வளைந்து கொடுக்கவில்லை.

பிணவறையில் முதலில் உடலைக் காட்டினார்கள். அதில் அவளுக்குத் தெரிந்தது எதுவும் மிச்சமில்லை. பிறகு போலீஸ்காரர் பிளாஸ்டிக் உறையில் போட்ட காசைக் கொடுத்தார். ஜன்னலடிக்குப் போய் லென்சை எடுத்தாள்.

1944 ஓட்டைக் காலணாவில் இரண்டு ஜாதி உண்டு. காசு சேர்ப்பவர்கள் பெரிய வருஷம், சின்ன வருஷம் என்பார்கள். ஒன்றில் எண்ணும் எழுத்தும் பருமனாக, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மற்றதில் மெலிந்து, சுற்றிலும் வெளி விட்டு நிற்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் யாரும் சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் கையில் கொடுத்தால் பழகின கண் வேண்டும். இந்த வித்தியாசத்தை அவள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட அன்று, பத்து வயசு சுயம்புவை வெயிலில் நிறுத்தி, நிக்கரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, அவன் இடுப்பில் லென்சை வைத்துப் பார்த்தாள். யக்கா கூசுது, யக்கா கூசுது என்று நெளிந்தான். பெரிய வருஷம். உனக்குள்ளது பெரிசுலே என்று சொன்னதும், என்ன பெரிசு என்று விளங்காமலே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

உறைக்குள் இருந்தது சின்ன வருஷம்.

தம்பி இங்கே செத்துக் கிடக்கவில்லை. அப்படியென்றால் எங்கோ இருக்கலாம். இதற்கு அவள் மகிழ்ந்திருக்க வேண்டும். அவளுக்குள் முதலில் எழுந்தது ஏமாற்றம். நெடுநேரம் வரிசையில் நின்று, முகத்துக்கு நேரே ஜன்னலைச் சாத்திவிட்டால் வருமே, அது போல ஒன்று. மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. மறுபடியும் ஃபோன், மறுபடியும் ஏதோ ஒரு ஊர், மறுபடியும் ஒரு துணியை விலக்குவார்கள். லென்சை மூடிக் கைப்பையில் வைத்தாள்.

வெளியே வந்து நாராயணபெருமாளிடம் சொன்னாள்.

“இது அவனுக்க காசு இல்ல.”

“நாப்பத்தினாலுன்னுதானே போட்டிருக்கு?”

“நாப்பத்தினாலுதான். எழுத்து வேற.”

அவன் கோபப்படவில்லை. கயிறு அறுந்து பழசு எங்கேயாவது விழுந்திருக்கும், யாராவது வேறு கட்டிவிட்டிருப்பார்கள் என்றான். மேலே சட்டைகூடத் தங்காத ஒருவனுக்கு இன்னொரு ஓட்டைக் காலணாவை, அதுவும் அதே வருஷத்ததை, யார் தேடிக் கொடுத்திருப்பார்கள் என்று அவள் கேட்டாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, “ஏட்டி, எழுத்து தடிச்சிருக்கா மெலிஞ்சிருக்கான்னு சொன்னா ஊர்ல எவன் கேப்பான்? அங்க குழி வெட்டியாச்சு” என்றான்.

போலீஸ்காரர் பொறுமையாக இருந்தார். சந்தேகமென்றால் அம்மாவின் ரத்தம் எடுத்து டி.என்.ஏ. பார்க்கலாம், மாசக்கணக்காகும், அதுவரை உடல் இங்கேயே இருக்கும் என்றார். நாராயணபெருமாள் வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொன்னான். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, ஃபோனை இவளிடம் நீட்டினான். பின்னால் யாரோ நாற்காலி இறக்கும் சத்தம். அம்மாவின் மூச்சு.

“நீ பாத்தியா மக்கா?”

“பாத்தேம்மா. காசு வேற.”

அம்மாவின் குரல் வந்தது. அழுகை இல்லாத, அடுப்படியிலிருந்து ஒரு வேலை சொல்லும் குரல்.

“இன்னொருக்க பாரு மக்கா. எனக்க காலத்துலயே முடியட்டு.”

பத்மகலா மறுபடி உள்ளே போனாள். இந்த முறை லென்சை எடுக்கவில்லை. எடுத்தால் எண் பருத்துவிடப் போவதில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதுபோல வேறொரு ஊரில், வேறொரு பாஷையில், ஓட்டைக் காசு, 1944 என்று ஒருத்தி போலீசில் சொல்லி வைத்திருப்பாள். அவளுக்கு வர வேண்டிய ஃபோன் இனி வராது. சுயம்புவை நாளைக்கு எந்த ஊரிலாவது பிடித்து உட்கார வைத்து, அவனும் தெளிந்த ஒரு நேரத்தில் பெயரையும் ஊரையும் சொன்னால், அந்த ஆளை அடக்கம் பண்ணியாயிற்றே என்பார்கள். இரண்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. தெரியாமல் செய்ததாகப் பின்னால் தன்னிடமே சொல்லிக்கொள்ள ஒரு நூல்கூட மிச்சமில்லை.

“எனக்க தம்பிதான்” என்றாள்.

உறப்பாணோ என்று மலையாளத்தில் கேட்டார் போலீஸ்காரர். உறுதிதான் என்றாள். நாராயணபெருமாள் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆம்புலன்சுக்குச் சொல்லப் போனான்.

சாயங்காலம் உடல் தோப்புக்கு வந்தது. உட்கார வைக்கும் நிலையில் இல்லாததால் படுக்க வைத்து இறக்குவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பெண்கள் சுயம்பு சுயம்பு என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். அவனுக்குப் பயந்து கதவைச் சாத்தியவர்களும் அதில் இருந்தார்கள். பத்மகலா அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். அம்மா குனிந்து துணிக்கு மேலாகக் கால் பக்கத்தைத் தொட்டாள். விரலால் அளப்பது போல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“நல்லபடியா போ மக்கா” என்றாள்.

அந்த ஊரில் யார் பெற்ற பிள்ளையையும் மக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குப் பின்னால் பெயர் வரும் என்று பத்மகலா காத்திருந்தாள். குழி நிரம்பி, மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி, ஆட்கள் மண்வெட்டியைக் கழுவப் போகும்வரை அம்மா பெயரைச் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் தன் கையை மகளின் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு, தென்னை மரங்களைத் தொட்டுத் தொட்டுத் தனியாக நடந்தாள்.