பின்னம் நீக்கிய இயற்கணிதம்

மாமியார் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தபோது, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மாமியார். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தே ஆயுளில் பாதி போய்விட்டது, இனி நானும் கொஞ்சம் பேசுகிறேன் என்று பொருளாதாரப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தார். அந்தக் கல்லூரியில் எந்தப் பட்டத்துக்குப் போனாலும் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். முதலில் அடிப்படை இயற்கணிதம், அதைத் தாண்டினால் முக்கோணவியல், அதையும் தாண்டினால் நுண்கணிதம். நுழைவுத் தேர்வு மாமியாரை முதல் படியிலேயே நிறுத்தியது. அந்தப் படியில் நின்று பாடம் நடத்துபவர் மருமகள். கழித்தல் குறி ஒன்று விட்டுப்போனாலும் சிவப்பு மையால் வட்டம் போடுவதால் மாணவர்கள் அவருக்கு ‘மைனஸ் மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முதல் தேர்விலேயே வந்தது வினை. ஐந்திலிருந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எக்ஸ் கழித்தல் மூன்றைக் கழித்தால் இரண்டு, எக்ஸ் என்ன? ஆறு என்று வர வேண்டும். மாமியார் அடைப்புக்குறியை மட்டும் அழித்துவிட்டு, உள்ளே இருந்த கழித்தலை அப்படியே விட்டுவிட்டார். விடை பூஜ்ஜியம். மதிப்பெண்ணும் ஏறக்குறைய அதுதான்.

வகுப்பில் “சரிங்க மேடம்” என்று தாளை வாங்கிக்கொண்ட மாமியார், வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“பூஜ்ஜியம் ஒரு விடை இல்லையா? அதுவும் ஒரு எண்தானே?”

“எண்தான் அத்தை. ஆனா இந்தக் கணக்குக்கு விடை அது இல்ல.”

“நாலு பேருக்கு முன்னாடி வட்டம் போடணுமா? வீட்டுக்கு வந்து சொல்லக் கூடாதா?”

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த மகன், இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி வெளியே கிளம்பிவிட்டான். யாரும் கூப்பிடவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இதற்கிடையில் கல்லூரியில் வேறு புயல். தேர்ச்சி விகிதத்தைத் திரையில் போட்டுக் காட்டிய முதல்வர், இந்தக் கோடு ஏன் சாக்கடை மாதிரி கீழேயே ஓடுகிறது என்று கேட்டார். கணக்குத் துறைத்தலைவர் எழுந்தார். பாடம் நடத்துவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தாலும், கணக்கைப் பற்றி எங்கே வேண்டுமானாலும் பேசக்கூடியவர்.

“பசங்க எங்க விழறாங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன் சார். பின்னம், கழித்தல், அடைப்புக்குறி. இந்த மூணு பள்ளத்தையும் மூடிட்டா போதும்.”

“மூடறதுன்னா, இன்னும் நல்லா சொல்லிக்கொடுக்கறதா சார்?” என்றார் மைனஸ் மேடம்.

“இல்லம்மா. எடுத்துடறது.”

எடுத்துவிட்டார்கள். புதிய பாடத்திட்டத்தில் எக்ஸ் எப்போதும் நேர்க்குறி எண்ணாகவும், முழு எண்ணாகவும், கூடுமானவரை பத்துக்குள்ளேயும் இருந்தது. மைனஸ் மேடத்துக்குச் சிவப்புப் பேனாவைத் திறக்க வேலையே இல்லை. மாமியார் நூற்றுக்கு நூறு வாங்கினார். கூட இருந்த எல்லாரும் வாங்கினார்கள். திரையில் கோடு கூரையைத் தொட்டது. முக்கோணவியலிலும் இதே வைத்தியம். வேறு கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வந்து துறைத்தலைவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டிலும் அமைதி திரும்பியது. “இப்பத்தான் நீ நல்லா நடத்தற,” என்று மாமியார் ஒருநாள் மனதாரச் சொன்னார். மருமகள் சிவப்புப் பேனாவை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

நுண்கணிதத்தைத் தானே நடத்தப் போவதாகத் துறைத்தலைவர் அறிவித்தார். வெற்றி பெற்ற வகுப்பு, வெற்றி கண்டவர் கையில்தானே முடிய வேண்டும்? முதல் சில நாட்கள் நுண்கணிதத்தின் அழகைப் பற்றிப் பேசினார். பிறகு வழியில்லாமல் ஒரு கணக்கைப் போட்டார். ஒன்றின் கீழ் எக்ஸ். இதன் மாறும் வீதம் என்ன? இரண்டு பின்னங்களை எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, விறுவிறுவென்று அடுத்த வரிக்குப் போனார்.

மாமியார் கையைத் தூக்கினார். “சார், அந்தக் கழித்தல் குறி திடீர்னு எங்கிருந்து வந்துச்சு?”

“அடைப்புக்குறியைப் பிரிச்சா வரும்மா. அதெல்லாம் அடிப்படை. முதல் வகுப்பிலேயே படிச்சிருப்பீங்க.”

“படிக்கல சார்.”

“பின்னங்களைக் கழிக்கறதாவது?”

“அதுவும் இல்ல சார்,” என்றது வகுப்பு முழுவதும், ஒரே குரலில்.

“யார் உங்களுக்கு இயற்கணிதம் நடத்தினது?” துறைத்தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இதைக்கூட விட்டுட்டா எப்படி?”

“பாடத்துலேருந்து எடுக்கச் சொன்னதே நீங்கதான்னு மேடம் சொன்னாங்களே சார்,” என்றார் பின்வரிசையில் ஒருவர், மிகவும் மரியாதையாக.

அன்று மாமியார் நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். முதல் வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும் என்றார். எழுத்தர் கணினியைத் தட்டிப் பார்த்தார்.

“நீங்க பாஸ் ஆயிட்டீங்களேம்மா. ஃபெயில் ஆனவங்கதான் திரும்பப் படிக்க முடியும்.”

“அப்ப என்னை ஃபெயில் பண்ணுங்க.”

“அதுக்கு இங்க வழியில்லம்மா. யாரும் கேட்டதில்ல.”

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “உனக்குத் தெரியும்தானே? எனக்கு ஒண்ணும் தெரியலன்னு தெரிஞ்சுதானே நூறு போட்ட?”

மருமகள் பொய் சொல்லவில்லை. “தெரியும் அத்தை. நீங்க சந்தோஷமா இருந்தீங்க. எனக்கும் வேலை போகக் கூடாதுன்னு இருந்துச்சு.”

மாமியார் செருப்பைக் கழற்றி மூலையில் விட்டார். பிறகு சாப்பாட்டு மேசையில் இருந்த தட்டுகளை ஒதுக்கினார். “உட்காரு. அந்த அடைப்புக்குறியிலிருந்து ஆரம்பி. வட்டம் போடணும்னா போடு.”

நுண்கணிதத் தேர்வுத் தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வருவது. அதில் துறைத்தலைவரின் கை நீளாது. இது நினைவுக்கு வந்ததும் அவர் மைனஸ் மேடத்தை அறைக்கு அழைத்து, குரலைத் தாழ்த்தினார். “சாயங்காலம் ஒரு சிறப்பு வகுப்பு வைங்க. பின்னம், கழித்தல், எல்லாம் நடத்துங்க. ஆனா இயற்கணிதம்னு மட்டும் சொல்லிடாதீங்க. ‘நுண்கணித ஊக்கப் பயிற்சி’ன்னு வெச்சுக்கலாம்.”

அப்படியே நடந்தது. சிவப்பு மை மறுபடி ஓடியது. முதல் வாரம் முனகினார்கள். அப்புறம், எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு படித்தார்கள்.

தேர்வில் பாதிப் பேர் தேறினார்கள். மாமியார் தேறவில்லை. மகன் ஆறுதல் சொல்ல வந்தான்.

“பாவம் பார்க்காதடா,” என்றார் அவர். “கடைசிக் கணக்கை விட்டுட்டேன், மத்ததெல்லாம், தப்போ சரியோ, நானே போட்டது. இந்த மார்க் யாரும் குடுத்ததில்ல.” விடைத்தாள் நகலை மருமகள் பக்கம் தள்ளினார். “இதுல எங்க தப்புன்னு பாரு.”

அடுத்த முறை எழுதித் தேறினார். ஓரமாகத்தான், ஆனாலும் தேறினார். அன்று மாமியாரும் மருமகளும் கடைத்தெருவுக்குப் போய் ஆளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, தொண்டை கட்டிக்கொண்டு வந்தார்கள்.

துறைத்தலைவருக்கு ஊக்கப் பயிற்சிக்காகப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. தன் திட்டத்தின் வெற்றி என்று கல்லூரி வாசலில் சுவரொட்டி ஒட்ட மாமியாரின் படத்தைக் கேட்டார். மாமியார் சம்மதித்தார். படத்துக்குக் கீழே, இயற்கணிதத்தில் வாங்கிய நூறையும் நுண்கணிதத்தில் தவறியதையும் தேறியதையும் வரிசையாகப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சுவரொட்டியில் கடைசியில் கட்டடத்தின் படம்தான் வந்தது.