துணைக்கு ஒருவர்

ஹெலிகாப்டர் இறங்கும் சத்தம் கேட்டதும் வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடினார்கள். அக்காவால் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. அவளுடைய இடது காது தம்பி துரையின் கையில் இருந்தது. கட்டில் கம்பியில் முழங்கையை ஊன்றி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் குனிந்து நிற்பது நேற்று மத்தியானத்திலிருந்து நடக்கிறது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிய மாஸ்க்குக்குள் துரை இரைத்து இரைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நுரையீரல் இரண்டிலும் சளி கட்டிவிட்டது. காதை விடுவித்தால் அந்தக் கை நேராக மாஸ்க்குக்குத்தான் போகும். மாஸ்க் போனால் உதடு நீலம் பாரித்துவிடும். இரண்டு தடவை அப்படி ஆகி, பார்த்தவர்கள் எல்லாம் பதறிப்போன பிறகு, காதை அவனுக்கே எழுதி வைத்துவிட்டாள்.

துரைக்கு நாற்பது வயது. முறையாக வைத்த பெயர் வேறு. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குவதைப் பார்த்து அப்பா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. பிறக்கும்போதே டவுன் சிண்ட்ரோம். நாற்பது வயதிலும் நாலு வயதுப் பேச்சு, நாலு வயதுப் பிடிவாதம். தூக்கம் வரவேண்டுமென்றால் அக்காவின் காது வேண்டும், அதுவும் இடது காது. அந்தக் காதில் அவள் கம்மல் போடுவதை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவன் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுத் தெருவில் எழுபது வயதுக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா போனதும் அண்ணனுக்கு வீடு வந்தது, அவளுக்குத் துரை வந்தான். யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை, தானாக அப்படி ஆனது. கல்யாணப் பேச்சு வந்த இடங்களில் எல்லாம் துரையைப் பார்த்துவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போல. வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்தில் துரைக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, அவள் காலத்தை ஓட்டினாள்.

இது சின்ன ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெகுதூரத்தில் இருக்கிறது. மழையில் பாலம் போய்விட்டது. அதனால்தான் ஹெலிகாப்டர். அவசர நோயாளிகளை வந்து தூக்கிப் போவதற்கென்றே ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் அதில் இருப்பார்கள், கூட யாரையும் ஏற்ற மாட்டார்கள் என்று நேற்றே ஹெட் நர்ஸ் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதும் அக்காவுக்கு அழுகை வந்தது. அழுது முடித்த பிறகு, யாரும் கூப்பிடாமலே, இன்னொரு நினைப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. துரை போன பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் புரண்டு படுக்கலாம். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ராத்திரி முழுக்க அந்த நினைப்பைத்தான் மென்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். ஆரஞ்சு நிறத்தில் தலை முதல் கால் வரை ஒரே உடுப்பு, கக்கத்தில் ஹெல்மெட். பின்னால் வந்த ஆண் நர்ஸ் வாசலை அடைக்கிற மாதிரி இருந்தான். அக்காவால் நிமிர முடியாது என்று தெரிந்ததும் டாக்டரும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் குனிந்துகொண்டாள். துரையின் முகத்துக்கு மேலே, இரண்டு தலைகளும் கூடி ஏதோ ரகசியம் பேசுவதுபோல இருந்தது.

"அக்கா, வழக்கமா இந்த நிலைமையில தூங்க வெச்சு, தொண்டையில குழாய் போட்டுத்தான் கூட்டிட்டுப் போவோம். இவருக்கு அது சரிப்படுமான்னு யோசனையா இருக்கு. நாக்கு பெருசு, மூச்சு போற வழி சின்னது. கழுத்தெலும்பும் உறுதியா இருக்காது, நிமித்தினா வேற வம்பு வரும். குழாயைப் போட்டாலும் அப்புறம் எடுக்க முடியுமான்னு இப்ப யாரும் சொல்ல முடியாது. அதனால முழிச்சிருக்கும்போதே, இந்த மாஸ்க்கோடயே கூட்டிட்டுப் போகப் பாக்கறேன்."

"பிடுங்கிடுவான் டாக்டர்."

"நீங்க இருந்தா பிடுங்கலையே. அதான் உங்களையும் ஏத்திக்கப் போறோம். பைலட்கிட்ட சண்டை போட்டு வாங்கியிருக்கேன். இவருக்கு நீங்கதான் மருந்து."

வார்டே சந்தோஷப்பட்டது. ஹெட் நர்ஸ், "குடுத்து வெச்சவங்க நீங்க, யாருக்கும் கிடைக்காது இது" என்றாள். அக்கா சிரித்தாள். சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனை வாரமோ. அங்கும் ஒரு கட்டில் இருக்கும், கட்டிலுக்கு ஒரு கம்பி இருக்கும், கம்பியில் அவள் முழங்கை இருக்கும். அதுவும் ஆள் தெரியாத ஊர். துரை பிழைத்தால் பிழைத்தவனோடு திரும்பி வந்து மறுபடியும் மெஷின், நாற்காலி, காது. அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் மனசார வேண்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்ன என்பதைத்தான் நினைக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் பண்ணினார். ஆயா போனை அவளுடைய இன்னொரு காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கூடப் போறல்ல?"

"போகச் சொல்றாங்க."

"அப்புறம் என்ன, எனக்குக் கவலையே இல்ல."

"உனக்கு என்னைக்குண்ணே கவலை இருந்துச்சு?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். தங்கை எப்பவும் இப்படித்தான் கிண்டலாகப் பேசுவாள் என்பது அவர் எண்ணம்.

கிளம்புவதற்கு முன்னால் அக்காவின் எடையைப் பார்க்க வேண்டுமாம். ஹெலிகாப்டர் சின்னது, மேகம் வேறு இறங்குகிறது, ஏற்றுகிற ஒவ்வொன்றுக்கும் பைலட் கணக்குக் கேட்கிறார். அவளை ஏற்றுவதற்காக ஒரு பெரிய பையை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்களாம். "ரெண்டு நிமிஷம் போய்ட்டு வாங்க அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான் ஆண் நர்ஸ். "உங்களால ஆகாது தம்பி" என்றாள் அக்கா. சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. துரையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பிரசவ வார்டு வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறி நின்றாள். பைலட் எட்டிப் பார்த்து, "ஒல்லியாத்தான் இருக்கீங்க, நல்லதாப் போச்சு" என்றார். திரும்பி வருகிற வழியில் கக்கூஸ் இருந்தது. உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். வீட்டில் அவள் தாழ்ப்பாள் போடுவதில்லை. துரைக்கு அவள் நிழலாவது தெரியும்படி கதவை ஒருக்களித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருவே கூடும்படி கத்துவான். இப்போது அந்தத் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு அவன் அலறலுக்காகக் காத்திருந்தாள். எந்த நொடியும் வரும். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ வாளியை நகர்த்தினார்கள். அலறல் வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். முகத்தைக்கூடக் கழுவாமல் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

வார்டில் எல்லாம் அமைதியாக இருந்தது. அவள் நின்ற இடத்தில் அந்தப் பெரிய உடம்புக்காரன் குனிந்து நின்றான். அவனுடைய காது துரையின் கையில் இருந்தது. நல்ல அகலமான காது. துரை அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே மாஸ்க்குக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கண் பாதி மூடியிருந்தது.

"பாத்தீங்களா அக்கா, என் காதும் செல்லுபடியாகுது" என்றான் நர்ஸ். "வீட்டுல என் பொண்டாட்டி இதை வெச்சுத்தான் கிண்டல் பண்ணுவா. இன்னைக்குப் போய்ச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நீ இல்லாவிட்டால் அவன் ஒரு நாள் தாங்க மாட்டான் என்று அம்மா சொன்னாள், அண்ணன் சொன்னார், தெருவே சொன்னது. அதை நம்பித்தான் இத்தனை வருஷம் அடைந்து கிடந்தாள். துரைக்கு ஒரு காது போதுமாக இருந்திருக்கிறது. யார் காது என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இதை யாராவது ஒருவர் முன்னாலேயே அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

டாக்டர் அவளை ஓரமாகக் கூட்டிப்போனாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒண்ணு கேக்கணும் அக்கா. நாங்க இங்க விட்டுட்டுப் போறதா இருந்த பையில, திடீர்னு குழாய் போட வேண்டி வந்தா வேணுங்கிற சாமான் கூடுதலா இருக்கு. இவரை மாதிரி ஆளுக்கு அது இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பு. நீங்க வந்தா அந்தப் பை வராது. பை வந்தா நீங்க வர முடியாது. ஆனா மேல போனதும் சத்தம், ஆட்டம், பெல்ட் வேற போட்டுக் கட்டிடுவோம். அதுல இவர் மிரண்டுட்டா பையை விட நீங்கதான் வேணும். எனக்கு அவரை ஒரு மணி நேரமாத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, தாங்குவாரா?"

தாங்க மாட்டான். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். வண்டி எதுவாக இருந்தாலும் கதவு சாத்துகிற வரைக்கும்தான் துரை ராஜா. சாத்திவிட்டால் மூலையில் மாட்டிய பூனைதான். சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. டாக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரல டாக்டர்" என்றாள் அக்கா. "பையை எடுத்துக்குங்க. அவனுக்கு அதான் நல்லது."

நியாயமான பேச்சு. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. ஹெட் நர்ஸ்கூட, "பெரிய மனசு உங்களுக்கு" என்று அவள் தோளைத் தொட்டாள். பைக்காக அவள் அப்படிச் சொல்லவில்லை என்பது அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. துரையைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றினார்கள். சிலிண்டரைக் காலடியில் வைத்தார்கள். பெல்ட்டை இழுத்துக் கட்டினார்கள். நர்ஸ் காதைக் கொடுத்தபடியே குனிந்து கூடவே நடந்தான். அக்கா மறுபக்கம் நடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு வந்ததும் நர்ஸ் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பினான்.

"அக்கா, பயந்தா இவர்கிட்ட என்ன சொல்லுவீங்க? பாட்டு, கதை, ஏதாவது வார்த்தை இருக்கும்ல? அதை மட்டும் சொல்லிக்குடுங்க. நான் அதையே சொல்லிட்டு வர்றேன்."

இருந்தது. துரை சின்னவனாக இருந்தபோது ஒருநாள் பஸ்ஸில் கத்த ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள், அம்மா வாயைப் பொத்தினாள், கண்டக்டர் இறக்கிவிடுவேன் என்றார். பத்து வயது தாண்டியிருந்த அக்கா அவன் பக்கம் சாய்ந்து, அடுத்த ஸ்டாப்புல இறங்கிடலாம் என்றாள். அவன் சட்டென்று நிறுத்திவிட்டு அவள் காதைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஊசிக்கும் அதேதான், இடிக்கும் அதேதான், அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அதேதான். அடுத்த ஸ்டாப்புல இறங்கிடலாம் துரை. அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டால் அவன் உடம்பு தளர்ந்துவிடும். அது அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நர்ஸ் காத்திருந்தான். நல்ல பையன். ஒரு மணி நேரத்தில் அவள் காதின் வேலையை வாங்கிக்கொண்டான், இப்போது இதையும் கேட்கிறான். கொடுத்துவிட்டால் அப்புறம் அவள் எதற்கு.

"அப்படி ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள் அக்கா. "சும்மா ஏதாவது பேசிட்டே இருங்க, போதும்."

துரையை உள்ளே ஏற்றினார்கள். வாட்ச்மேன் எல்லோரையும் கயிற்றுக்கு வெளியே போகச் சொல்லி விரட்டினார். கதவைச் சாத்தினார்கள். மேலே இறக்கை சுற்ற ஆரம்பித்ததும் புல்லெல்லாம் தரையோடு படிந்தது. கண்ணாடி வழியாக முதலில் நர்ஸின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஒரு கை மேலே வந்தது. குட்டையான விரல்கள், அவள் வெட்டிவிட்ட நகங்கள். அது காதை விட்டிருந்தது. கண்ணாடியைத் தட்டியது, நழுவியது, மறுபடியும் தட்டியது. பிறகு கீழே முகத்துப் பக்கம் போனது. நர்ஸ் இரண்டு கையாலும் அதைப் பிடிப்பதும் டாக்டர் எழுந்து குனிவதும் தெரிந்தது.

அக்கா கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினாள். வாட்ச்மேன் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு காற்று முகத்தில் அறைந்தது. அவள் இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு கத்தினாள். அடுத்த ஸ்டாப்புல இறங்கிடலாம் துரை, அடுத்த ஸ்டாப்புல இறங்கிடலாம், தம்பி அதைச் சொல்லு அவன்கிட்ட, அடுத்த ஸ்டாப்பு! தொண்டை நரம்பு புடைத்தது. சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. ஹெலிகாப்டர் தரையை விட்டு ஓர் ஆள் உயரம் எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆற்றுப் பக்கம் திரும்பியது. கயிற்றுக்கு வெளியே நின்றவர்களுக்கு அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.