ரோட்னியின் நாற்பத்தொரு சான்றிதழ்கள்

ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் எங்கள் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்கு ரோட்னி மேலாளராக இருந்தார். மெல்பர்னில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சிக்குப் போய்வந்தவர், மறுநாள் காலையில் எங்களைச் சாப்பாட்டு அறையில் கூட்டி, "கத்துக்கறத நிறுத்தினவன் செத்தவன்" என்றார். அன்றிலிருந்து எல்லோரும் கணினியில் மாதம் இரண்டு பாடம் படிக்க வேண்டும், பாடத்துக்கொரு தேர்வு. பால் லாரி ஓட்டும் நான் 'மாற்றத்தை மகிழ்ச்சியோடு ஏற்பது' என்ற பாடத்தில் இரண்டு முறை தோற்றேன்.

ரோட்னிக்குப் படிக்க ஏது நேரம்? கற்பதைப் பற்றிப் பேசவே பொழுது போதவில்லை. உதவியாளர் நோலீனிடம் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்.

"சும்மா பட்டனை அழுத்திட்டே போ, நோலீன். உன் பாடத்தையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

நோலீனுக்கு அப்படி அழுத்தத் தெரியாது. பதினெட்டு வருடமாக அங்கே வேலை செய்பவள். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. மதியம் கையில் எடுத்த சாண்ட்விச் காய்ந்துபோகும்வரை உட்கார்ந்து படித்தாள். படித்ததைச் செய்தும் பார்த்தாள். லாரிகள் வரும் நேரத்தை மாற்றியமைத்தாள். நாங்கள் வாசலில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தது இருபது நிமிடமானது. குளிரறைக்காரர்களும் பொதி கட்டுகிறவர்களும் வருடக்கணக்காகப் போட்ட சண்டையை, இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து முடித்தாள்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"ரோட்னி படிக்கிறாருல்ல, அது எனக்கு ஏறுது," என்றாள்.

இரண்டு வருடம் முடிவதற்குள் ரோட்னி பேரில் நாற்பத்தொரு சான்றிதழ். தலைமை அலுவலகம் அவருக்கு 'ஆண்டின் சிறந்த கற்கும் தலைவர்' விருது கொடுத்து, மொத்த நிறுவனத்தின் பயிற்சிக்கும் அவரையே தலைவராக்கி மெல்பர்னுக்கு அழைத்துக்கொண்டது.

காலியான இடத்துக்கு நோலீன் விண்ணப்பித்தாள். நேர்காணல் முடிந்து வெளியே வந்தவள் முகம் சிவந்திருந்தது.

"என் பேர்ல ஒரு பாடம்கூட இல்லையாம். கத்துக்கற ஆர்வமில்லாதவங்களைத் தலைமைக்கு எடுக்க மாட்டாங்களாம்."

"உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். மேலதிகாரிய இப்படிப் பேசறது தப்பு, அதுக்கும் ஒரு பாடம் இருக்கு, போய்ப் படிங்கன்னு சொன்னா இன்டர்வியூ எடுத்த பொண்ணு."

அடுத்த வாரமே நோலீன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த பால்பவுடர் ஆலைக்குப் போனாள். அங்கே சான்றிதழ் கேட்கவில்லை. வாசலில் நின்ற லாரி வரிசையைக் காட்டி, "இத என்ன பண்ணலாம்?" என்றார்கள். அவள் சொன்னாள், எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் நானும் என் லாரியோடு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ஒருநாள் ரோட்னி அவளுக்குப் போன் செய்தார்.

"நோலீன், சின்ன உதவி. தலைவர்களுக்கெல்லாம் வருஷத் தேர்வாம். ஒரு அறையில உட்கார்ந்து எழுதணுமாம். முந்தின நாள் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தா..."

"நாப்பத்தொண்ணு முடிச்சவருக்கு நான் என்ன சொல்லித்தர, ரோட்னி?" என்று போனை வைத்துவிட்டாள்.

ரோட்னி நூற்றுக்கு இருபத்துமூன்று வாங்கினார். தலைமை அலுவலகம் பதறிப்போய்க் குழு அமைத்து மூன்று வாரம் ஆராய்ந்தது. நிறுவனத்திலேயே அதிகம் கற்றவர் தோற்கிறார் என்றால் கோளாறு தேர்வில்தான் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, தேர்வை ரத்து செய்தார்கள். கேள்வித்தாள் தயாரித்தவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.