நடுவில் நிற்காத குரல்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோதுதான் அந்தப் பெட்டிகள் வெளியே வந்தன. மாடி அறையில் பழைய மெத்தைக்குப் பின்னால் போர்வை சுற்றிக் கிடந்தன. கறுப்பு மர ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. முகத்தில் வட்டமாக வெள்ளைக் காகிதக் கோன்.

"ஏங்க, இத வச்சுக்கப் போறீகளா, யாருக்காச்சும் குடுக்கப் போறீகளா? ஒண்ணு சொல்லுங்க" என்றாள் நர்கீஸ். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பெட்டிகள் மேல் பிரியமில்லை. நான் வீட்டில் இருந்ததைவிட அவற்றின் முன்னால் இருந்த நேரம் அதிகம்.

நான் ராயப்பனுக்குப் போன் போட்டேன்.

அவனும் நானும் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு துணிக்கடை மாடியில் பதினான்கு வருஷம் ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்தினோம். சுவரெல்லாம் முட்டை அட்டை. மின்விசிறி போட்டால் மைக்கில் கேட்கும் என்பதால் பாடுகிறவர்கள் வேர்த்து ஒழுகியபடியே பாடுவார்கள். அம்மன் கோயில் பாட்டு, தர்கா பாட்டு, மாதா பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்கும் பிரசாரம். பதிவானதைக் கேட்டுச் சரிபார்க்க இரண்டு ஜோடி ஸ்பீக்கர் இருந்தது. வெள்ளைக் கோன் என்னுடையது, மெட்ராஸில் மூடிய ஒரு ஸ்டுடியோவிலிருந்து வாங்கி வந்தேன். அவனுடையது பெரிய தேக்கு நிறப் பெட்டி, அவன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் அனுப்பியது.

எதை நம்புவது என்பதில்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. "ஓம் பெட்டி எல்லாத்துலயும் வெல்லத்தக் கரைச்சு ஊத்துது" என்பேன். "ஓம் பெட்டி பாடுறவன் சட்டையக் கழட்டி நிக்க வச்சுப் பாக்குது" என்பான் அவன். ஸ்டுடியோவை மூடியபோது அவரவர் ஜோடியை அவரவர் எடுத்துக்கொண்டோம். நான் என் அண்ணனின் தோல் பை வியாபாரத்தில் சேர்ந்தேன். அவன் செல்போன் கடை வைத்தான்.

"கொண்டு வா பாய்" என்றான் போனில். "ரெண்டு ஜோடியையும் பக்கத்துல வச்சு ஒரு தடவ கேட்டுருவோம். பழைய டேப்பு பூராத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீடு திரும்பியதும் ஆட்டோவில் பெட்டிகளோடு மேட்டுப்பட்டிக்குப் போனேன். நடுவில் ஒரு சுவிட்ச். இப்படித் தட்டினால் அவன் ஜோடி, அப்படித் தட்டினால் என் ஜோடி. முதலில் ஒரு நாதஸ்வரக் கோஷ்டி. அப்புறம் அகரம் திருவிழாவுக்குப் பதிவு செய்த மேளம். என் பெட்டியில் தவிலின் வலப்பக்கம் சுள்ளென்று அடித்தது. அவன் பெட்டியில் வயிற்றில் இடித்தது. அந்தப் பழைய பதிவில், பாட்டுக்கு நடுவே, துணிக்கடை ஷட்டர் இறங்கும் சத்தமும் கேட்டது. "இந்தா, இந்தா, ஓன் இருமல்" என்று ராயப்பன் குதித்தான். முப்பது வயசில் நான் இருமியதை அறுபத்து நாலில் உட்கார்ந்து கேட்டேன். அந்த மாடியின் சூடும், முட்டை அட்டை ஒட்டிய பசையின் வாடையும், கீழேயிருந்து வரும் டீயும் எல்லாம் ஒரு நிமிஷம் அப்படியே திரும்பி வந்தது.

அடுத்து ஒரு பெண் குரல்.

"யாருன்னு தெரியுதா?" என்றான்.

தெரிந்தது. சித்தையன்கோட்டை அறிவுச்செல்வி. 1994. ஊர்ப் பள்ளி வாத்தியார் ஒருவர் எழுதிய அம்மன் பாட்டுகளைக் கேசட்டாகப் போட ஒரு கம்பெனி எங்களிடம் பெண் குரல் கேட்டிருந்தது. பத்தொன்பது வயசுப் பெண், அப்பா பெரியகருப்பனோடு பஸ்ஸில் வந்து மூன்று பாட்டுப் பாடிவிட்டுப் போனாள். மறுநாள் நான் என் பெட்டியில் போட்டுக் கேட்டேன். குரலில் கனமே இல்லை, காற்றாகப் போனது. ராயப்பன் தன் பெட்டியில் கேட்டுவிட்டு, "இது மாதிரி குரல் இந்த ஜில்லாவுல கிடையாது" என்றான். அவன் பெட்டி எதைத்தான் நல்லா இல்லை என்றது? அவன் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தின வாரம் பாடிய வேறொரு பெண்ணைக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். முடிவு கேட்க வந்த அறிவுச்செல்வியிடம், அவள் அப்பா பக்கத்தில் நிற்கும்போதே, "குரல்ல சத்து இல்லம்மா" என்றேன்.

இப்போது ராயப்பனின் பெட்டியில் அந்தக் குரல் எங்களுக்கு எதிரே, இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், ஆள் நிற்பது மாதிரி நின்றது. சுவிட்சைத் தட்டினான். என் பெட்டி. குரல் கரைந்துபோய்ச் சுவருக்குச் சுவர் அலைந்தது.

"பாத்தியா, வெல்லம்" என்றேன். ஆனால் எனக்கே சந்தேகம் தட்டிவிட்டது. இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது.

ராயப்பன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து இழுத்து நாலு இடத்தில் உட்கார்ந்து கேட்டான். "குரல் நடுவுல நிக்க மாட்டேங்குது பாய். இது பெட்டியோட குணம் இல்ல." எழுந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்தான். இடது பெட்டியின் பின்னால் இரண்டு ஒயரையும் பேட்டரியில் தொட்டான். வெள்ளைக் கோன் வெளியே எம்பியது. வலது பெட்டியில் அதே மாதிரி தொட்டான். கோன் உள்ளே போனது.

ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் நடுவில் வரவேண்டிய குரலை இரண்டும் சேர்ந்து தின்றுவிடும். இந்தத் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம் அது.

நானே திருப்புளியை வாங்கி வலது பெட்டியைத் திறந்தேன். கோனுக்குப் போகும் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாற்றிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. பற்றவைத்தது நான். அந்த வருஷம் எலி ஒயரைக் கடித்துவிட்டது. ஒரு மத்தியானம் அவசரமாக ஒட்டினேன். அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் அறிவுச்செல்வி வந்தாள். அதற்கப்புறம் எங்கள் கேசட்டெல்லாம் குடத்துக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். என் பெட்டியில் மெலிசாகக் கேட்டதற்காக நான் பதிவில் கனத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பெட்டியைச் சந்தேகப்படவில்லை.

ஒயரை மாற்றிப் பற்றவைத்தோம். பாட்டைப் போட்டான். அந்தப் பெண் வந்து நடுவில் நின்றாள். ராயப்பனின் பெட்டியில் கேட்டதைவிடத் தெளிவாக, வரிக்கு வரி அவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது.

"நல்ல பெட்டிதான் பாய்" என்றான் ராயப்பன் மெதுவாக. இத்தனை வருஷச் சண்டையில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

"அந்தப் பிள்ளையப் பாக்கணும்" என்றேன்.

"எதுக்கு? அது எங்கயோ கல்யாணம் காட்சின்னு இருக்கும். போய் என்னன்னு சொல்லுவ?"

"ஒயர மாத்திட்டேன்னு சொல்லுவேன்."

விசாரித்ததில் அவள் சித்தையன்கோட்டையிலேயே இருந்தாள். காய்கறி நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். மறுநாள் காலை ராயப்பனின் காரில் பெட்டிகளையும் ஆம்ப்ளிஃபயரையும் பாட்டை ஏற்றிய ஒரு செல்போனையும் எடுத்துக்கொண்டு போனோம். பச்சை வலைக்கூரைக்குக் கீழே தட்டுத் தட்டாகத் தக்காளி நாற்று. நாலைந்து பெண்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடி பாதி நரைத்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்து, "எத்தன ஏக்கருக்கு வேணும்?" என்றாள்.

நான் யாரென்று சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"சத்து இல்லன்னு சொன்னீங்களே, அந்த பாயா?"

"ஆமாம்மா. சத்து இல்லாமப் போனது ஒன் குரல்ல இல்ல. என் பெட்டில." எல்லாவற்றையும் சொன்னேன். எலியையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கையில் இருந்த நாற்றுத் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"கேக்க வைக்கவும் வந்தேன்."

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் பெட்டிகளை வைத்து, மோட்டார் அறையிலிருந்து மின்சாரம் இழுத்தோம். பாட்டு ஆரம்பித்ததும் தண்ணீர் தெளித்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "அக்கா, இது நீங்களா?" என்றாள் ஒருத்தி. அறிவுச்செல்வி முதல் பாட்டு முடிந்ததும், "செத்த நேரம் நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது ஒரு கிழவரைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள். பெரியகருப்பன். எண்பதைத் தாண்டியிருந்தார். காதில் மிஷின் மாட்டியிருந்தார்.

அவரைப் பெட்டிகளுக்கு எதிரே உட்கார வைத்தாள். அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள். "அப்பா, அன்னிக்குத் திண்டுக்கல்லுல பாடுனேன்ல, அது நல்லாத்தான் இருந்துச்சாம். இவரு பெட்டிதான் கெட்டுப் போயிருந்துச்சாம்."

கிழவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப சர்பத்து இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. அறிவுச்செல்விதான் சொன்னாள். அன்றைக்கு வெயில் அதிகம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா ஐஸ் போட்டு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதுதான் மகள் தொண்டையைக் கெடுத்துவிட்டது என்று அன்று முடிவு செய்தவர், இன்றுவரை வீட்டில் ஐஸ் என்ற பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாராம். பேரப் பிள்ளைகளுக்குக்கூட வாங்கிக் கொடுத்ததில்லையாம்.

"சர்பத்து இல்லைய்யா" என்றேன். "ஒயருய்யா. நான் மாத்தி வச்ச ஒயரு."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு ஒழுகியது. "போடு" என்றார். மூன்று பாட்டையும் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மத்தியானம்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். அறிவுச்செல்வி சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டாள். நான் மனசிலிருந்ததைக் கேட்டேன்.

"ஒரு தடவ வந்து பாடும்மா. நாங்க ரெண்டு பேரும் ஒழுங்காப் பதிவு பண்றோம்."

"இப்ப என் குரல் வேற பாய். அது அந்தப் பிள்ள குரல்" என்றாள். "நீங்க சொன்னதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கோயில்லகூட வாயத் தொறக்கல நான். அது எனக்குத் திரும்பி வராது. ஆனா எங்கப்பா இன்னிக்கு நல்லாத் தூங்குவாரு." பிறகு, "பெட்டிய இங்க வச்சிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள்.

நான் சரி என்றேன். ராயப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆம்ப்ளிஃபயரையும் செல்போனையும்கூட அவளிடம் விட்டு, ஒயரை எப்படிச் சொருகுவது, சத்தத்தை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தான்.

கிளம்பும்போது ஒரு வேன் நாற்று ஏற்ற வந்து நின்றது. அறிவுச்செல்வி டிரைவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"ரெண்டுல எது தப்பா இருந்துச்சு?"

வலது பக்கப் பெட்டியைக் காட்டினேன். அவள் பாட்டைப் போட்டுவிட்டு அதன் அருகில் போய், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காதை அந்த வெள்ளைக் கோனுக்குப் பக்கத்தில் வைத்து, பாட்டு முடியும்வரை அப்படியே நின்றாள்.